உடல், கை, பெயர்: குருதியின் வரலாற்றில் பெண்கள்

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தில் சிவந்து புண்ணாகிப் படரும் தடிப்புகளைப் பார்த்த இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்களுக்கு அவை ஓநாய் கடித்த தடம்போலத் தெரிந்தன. பெயர் நிலைத்துவிட்டது. இன்று லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதம், தைராய்டைச் சிதைக்கும் ஹாஷிமோட்டோ, கண்ணையும் வாயையும் உலர வைக்கும் ஷோக்ரென், தோலை இறுக்கும் ஸ்கிளீரோடெர்மா எல்லாவற்றிலும் பெண்களே அதிகம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் இந்த நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறோம். இவற்றுக்கு ஆளாகிறவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் பெண்கள் என்பது பொதுவான கணக்கு.

நான் தமிழ் படித்தவள், தமிழ் கற்பிக்கிறவள். இந்தப் பக்கம் என்னைத் திருப்பியது ஒரு மாணவி. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை என்று இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் சோம்பேறித்தனம் என்றார்கள். பார்த்த மருத்துவர் ஒருவர், கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார். மூன்றாமவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த பிறகுதான் அவள் வலிக்கு ஒரு பெயர் கிடைத்தது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் விழுங்க வேண்டிய ஒரு மாத்திரையும் கூடவே வந்தது: மெத்தோட்ரெக்சேட். அது ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மருந்து என்று யாரோ சொல்ல, அவள் அம்மா அழத் தொடங்கிவிட்டார். மூட்டுவலிக்கு எதற்குப் புற்றுநோய் மருந்து? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க, மருந்தின் கதைக்குள் வேறொரு கதை தெரிந்தது. ரத்தப் புற்று, தன்னெதிர்ப்பு நோய், ரத்தத்தின் மூலமான குருத்தணு என்ற மூன்று ஆய்வுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலில் பெண்கள் மூன்று இடங்களில் வருகிறார்கள். சோதிக்கப்படும் உடலாக, வேலை செய்யும் கையாக, மிக அரிதாகப் பெயராக. ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பெண் எப்படி நகர்ந்தாள், அதற்கு எது உதவியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1. கோஷா ஆஸ்பத்திரி

மெத்தோட்ரெக்சேட்டின் வேரைத் தேடிப் போனால் அது நம் ஊருக்கே கொண்டுவந்து விடுகிறது. லூசி வில்ஸ் 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். படிக்கலாம், தேர்வு எழுதலாம், ஆனால் பெண்ணுக்குப் பட்டம் கிடையாது என்பது அன்றைய கேம்பிரிட்ஜின் விதி. 1948இல்தான் அங்கே பெண்கள் முழுப் பட்டம் பெற்றார்கள். பின்னர் லண்டனில் பெண்களுக்கென்றே பெண்கள் நடத்திய மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920இல் மருத்துவரானார்.

1928இல் அவர் பம்பாய் வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான சோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் வழக்கத்தைவிடப் பெரிதாக ஊதியிருந்தன. இது கிருமியால் வருவதா, உணவால் வருவதா? வில்ஸ் அந்தப் பெண்களின் வீட்டுச் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார். பழம், காய்கறி, பால், இறைச்சி என்று எதுவுமே போதுமான அளவு தட்டுக்கு வராத வீடுகள் அவை. 1929இல் அவருடைய ஆய்வு சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் நடந்தது. 1931இன் தொடக்கத்தில் அவர் சென்னையில், சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனையில் பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் இன்றும் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால் கொண்டுபோய் விடுவார். கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்பது அதன் இப்போதைய பெயர்.

அந்த மருத்துவமனைக்கே ஒரு பெண் வரலாறு உண்டு. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீபின் முயற்சியால் 1885இல் உருவானது அது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டத் தடைபட்ட பெண்கள் வைத்தியமில்லாமல் சாவதைப் பார்த்து ஏற்படுத்தப்பட்ட இடம். அதன் பெயரிலேயே சாதியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்தப் பெண்களை மனத்தில் வைத்து அது கட்டப்பட்டது, எந்தப் பெண்கள் அந்தப் பெயருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதைப் பெயர்ப்பலகையே சொல்லிவிட்டது.

வில்ஸின் கண்டுபிடிப்பு மிக எளிய பொருளில் முடிந்தது. ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான, கறுத்த பசை. சோகை கண்ட குரங்குக்கு அதைக் கொடுத்தார், தேறியது. கருவுற்ற பெண்களுக்குக் கொடுத்தார், வெளுத்த முகங்களில் ரத்தம் ஏறியது. 1931இல் முடிவுகளை வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த அந்த அறியாப் பொருளை வில்ஸ் காரணி என்று அழைத்தார்கள். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது அதற்கு இலை என்ற பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸின் பெயர் உதிர்ந்துவிட்டது. இன்று நம் பள்ளிகளில் வாரம் ஒருமுறை மாணவிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும், கருவுற்ற பெண் முதல் மாதத்திலிருந்து விழுங்கும் மாத்திரையிலும் இருப்பது அதே பொருள்தான்.

இனி வருவது கதையின் திருப்பம். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைத் தந்தபோது நோய் வேகமெடுப்பதுபோலத் தோன்றியது. புற்றணுக்களும் அதைத் தின்றுதான் பெருகுகின்றன என்றால், அதன் போலியைக் கொடுத்து ஏமாற்றலாமே என்று யோசித்தார். சுப்பாராவின் குழு தயாரித்த போலிப் பொருளான அமினோப்டெரின் 16 குழந்தைகளுக்குத் தரப்பட்டது. 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948இல் வெளிவந்த இந்த முடிவுதான் ரத்தப் புற்றுக்கு மருந்தே இல்லை என்ற நம்பிக்கையை உடைத்தது. அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட்.

பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களின் வெளுத்த ரத்தம் இல்லாமல் இந்தக் கதை இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் எண்களாக இருக்கிறார்கள். உடல் என்ற இடம் அதுதான்.

2. ஹாஷிமோட்டோவின் நான்கு பெண்கள்

1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் ஜப்பானிய அறுவை மருத்துவர் நான்கு நோயாளிகளின் தைராய்டை விவரித்து எழுதினார். வீங்கிய சுரப்பிக்குள் வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருந்தன. நோய்க்கு அவர் பெயர் வந்தது. நான்கு நோயாளிகளும் பெண்கள்.

வெள்ளையணுக்கள் அங்கே என்ன செய்கின்றன என்று சொல்ல நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. காரணம், கண்ணை மறைத்த ஒரு கோட்பாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்ற பெரும் விஞ்ஞானி, உடல் தன்னையே நஞ்சாக்கிக்கொள்ள அஞ்சும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் நுட்பங்கள் இருந்தன. பின்வந்தவர்கள் அதை உடல் தன்னைத் தாக்கவே தாக்காது என்று சுருக்கிப் புரிந்துகொண்டார்கள்.

இந்தச் சுவரில் துளையிட்டவர்களில் ஒருவர் டெபோரா டோனியக். தாயான பிறகு மருத்துவம் படித்து முடித்தவர். படித்தது, லூசி வில்ஸ் படித்த அதே பெண்கள் மருத்துவக் கல்லூரியில். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் தைராய்டு நோயாளிகளைக் கவனித்துவந்தார். ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற புரதம் மிகுந்திருப்பதையும், வீங்கிய சுரப்பியை அறுத்தெடுத்த பிறகு அது இறங்குவதையும் அவர் கவனித்தார். எதிர்ப்பொருள்கள் அந்த வகைப் புரதங்கள்தாம். அப்படியானால் உடல் எதை எதிர்த்து அவற்றை உற்பத்தி செய்கிறது? சுரப்பியை எடுத்ததும் ஏன் குறைகிறது? ஐவன் ராய்ட், பீட்டர் கேம்பெல் ஆகியோருடன் சேர்ந்து நோயாளியின் ரத்தத் தெளிநீரையும் தைராய்டுச் சாற்றையும் சந்திக்க வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில் வீழ்படிவு தோன்றியது. நோயாளியின் ரத்தம் நோயாளியின் சுரப்பியையே எதிரியாகக் கொண்டிருந்தது. அது 1956. அதே ஆண்டு அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விடெப்ஸ்கியும் முயல்களில் இதையே காட்டினார்கள்.

நோயாளிகளின் படுக்கையருகே நின்று எண்களைப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியது. டோனியக் பெயராக நின்றார். பிறகு ஷீலா ஷெர்லாக் என்ற ஈரல் மருத்துவருடன் சேர்ந்து, பெண்களை அதிகம் தாக்கும் ஈரல் நோய் ஒன்றுக்கும் தன்னெதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை 1965இல் காட்டினார்.

ஆயினும் பெண்களுக்கே ஏன் இது அதிகம் என்ற கேள்வி நெடுங்காலம் ஓரத்தில் கிடந்தது. அமெரிக்க அரசு நிதி பெறும் மருத்துவச் சோதனைகளில் பெண்களைச் சேர்த்தாக வேண்டும் என்று சட்டமானதே 1993இல்தான். 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு விடையின் நுனியைப் பிடித்தார்கள். பெண் உடலின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அமைதிப்படுத்தி வைக்கும் சிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ.வும், அதைச் சூழ்ந்த புரதங்களும் தன்னெதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்று எலிகளில் காட்டினார்கள். ஹாஷிமோட்டோவின் நான்கு பெண்களுக்கும் இந்த ஆய்வுக்கும் இடையே நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள்.

3. ஊறுகாயின் புளிப்பை அளந்தவர்

கெர்ட்ரூட் எலியன் 1918இல் நியூயார்க்கில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். பதினைந்து வயதில் தாத்தா வயிற்றுப் புற்றில் இறப்பதைப் பார்த்து வேதியியல் படிக்க முடிவெடுத்தார். அப்பாவின் பணம் பங்குச்சந்தை வீழ்ச்சியில் போயிருந்தது. ஹன்டர் கல்லூரி என்ற கட்டணமில்லாத பெண்கள் கல்லூரி இருந்ததால் மட்டுமே அவர் பட்டம் பெற்றார். 1937இல், மிகச் சிறப்பான மதிப்பெண்களோடு. மேற்படிப்புக்கு உதவித்தொகை எங்கும் கிடைக்கவில்லை. ஒரு நேர்காணலில், ஆய்வகத்தில் பெண் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சம்பளமில்லாத ஆய்வக உதவியாளர், பள்ளி ஆசிரியர் என்று பல வேலைகள் பார்த்து, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு செய்து 1941இல் முதுகலை முடித்தார். அதன்பின் ஓர் உணவு நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பையும் மயோனைசின் நிறத்தையும் சோதித்தார். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனார்கள், ஆய்வகங்களில் நாற்காலிகள் காலியாயின. 1944இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். கை என்ற இடத்தில்.

முனைவர் பட்டத்துக்காக மாலை நேரத்தில் புரூக்ளினுக்கு ரயிலேறினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வந்தால்தான் ஆர்வம் இருப்பதாக ஏற்போம் என்று கல்லூரி சொன்னது. அவர் வேலையைத் தேர்ந்தார். கடைசிவரை ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெறவில்லை. பின்னாளில் பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டங்களாகக் கொண்டுவந்து குவித்தன.

அவருடைய ஆய்வின் தர்க்கம் ஃபார்பரின் தர்க்கத்துக்குப் பக்கத்து வீடு. பெருகும் அணு ஒவ்வொன்றும் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க வேண்டும். அதற்குப் பியூரின் என்ற செங்கல் வேண்டும். செங்கல்போலவே தோற்றமளித்து, சுவரில் வைத்ததும் கட்டடத்தை நிறுத்திவிடும் போலிச் செங்கலைத் தயாரித்தால், வேகமாகப் பெருகும் அணுவே முதலில் மாட்டும். 1951க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட போலிகளைச் செய்து பார்த்தார்கள். தொடக்கத்தில் செய்த ஒன்றில் இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப் புற்று முற்றிலும் தணிந்தது. அவருக்குக் குழந்தையும் பிறந்தது. பிறகு நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோனது. அந்தப் பெண்ணைப் பற்றி எலியன் பல ஆண்டுகள் கழித்தும் பேசிக்கொண்டிருந்தார்.

ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகத்தை வைத்து அவர் உருவாக்கிய 6-மெர்கேப்டோபியூரின் 1953இல் மருந்தாக ஏற்கப்பட்டது. தனியே அது நோயைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டது. மெத்தோட்ரெக்சேட் முதலிய மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கற்ற பிறகு நிலைமை மாறியது. வசதியுள்ள நாடுகளில் இன்று இவ்வகை ரத்தப் புற்று கண்ட குழந்தைகள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் பராமரிப்புக் காலத்தில் விழுங்கும் மாத்திரைகளில் இந்த இரண்டும் இன்னும் இருக்கின்றன. லூசி வில்ஸின் கோடும் எலியனின் கோடும் ஒரு குழந்தையின் மருந்துச் சீட்டில் சந்திக்கின்றன.

அடுத்த கதவு தற்செயலாகத் திறக்கவில்லை. எதிர்ப்பு வேலைக்காகக் கிளர்ந்து பெருகும் வெள்ளையணுவும் ரத்தப் புற்றின் அணுவும் நுண்ணோக்கியில் உறவுக்காரர்போலத் தெரிகின்றன. ஒன்றை அடக்கும் மருந்து மற்றதையும் அடக்குமா? ராபர்ட் ஷ்வார்ட்சும் வில்லியம் டேமஷெக்கும் 1959இல் முயல்களுக்கு 6-மெர்கேப்டோபியூரின் கொடுத்து, வேற்றுப் புரதத்தை ஊசியாகப் போட்டார்கள். முயல்கள் எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை. எலியன் குழு உருவாக்கிய அதன் வழிமருந்தான அசதியோபிரின், மாற்றுச் சிறுநீரகம் உடலில் தங்க வழிசெய்தது. அதுவே லூபஸுக்கும் மற்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் வந்தது. மெத்தோட்ரெக்சேட்டும் இதே வழியில் குறைந்த அளவில், வாரம் ஒருமுறையாக, முடக்குவாதத்துக்கு வந்து சேர்ந்தது. என் மாணவியின் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: மகளுக்குப் புற்று இல்லை. அடங்காமல் கிளர்ந்திருக்கும் அணுக்களை அமர்த்த அதே மருந்தைச் சிறிய அளவில் தருகிறார்கள்.

கூடவே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்தின் பகை. அதனால்தான் அதை உண்பவர்களுக்குப் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் தருகிறார்கள். அதே காரணத்தால் கருவுற்ற பெண் அதைத் தொடக் கூடாது, கருவைச் சிதைத்துவிடும். கர்ப்பம் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். அசதியோபிரினை மருத்துவர் கண்காணிப்பில் தொடர முடியும். எப்போது கருத்தரிப்பது என்பதைத் தானே முடிவு செய்ய முடியாத ஒரு பெண்ணுக்கு இந்தத் தகவல் எந்த அளவுக்குப் பயன்படும்? மருந்துச் சீட்டில் எழுத முடியாத கேள்வி அது. நம் ஊரில் இதைக் கணவரிடம், மாமியாரிடம் யார் பேசுவது என்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

1988இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியன் நோபல் பரிசு பெற்றார். அப்போது அவருக்கு எழுபது வயது. கையிலிருந்து பெயருக்கு வர நாற்பத்து நான்கு ஆண்டுகள்.

4. குருத்தணு

ரத்தப் புற்றும் தன்னெதிர்ப்பும் உறவினர் என்றால், அவற்றின் தாய்வீடு எலும்பு மஜ்ஜை. சிவப்பணு, தட்டணு, வெள்ளையணு எல்லாம் அங்குள்ள மிகச் சில மூல அணுக்களிலிருந்து பிறக்கின்றன. ஸ்டெம் செல் என்பதற்குத் தமிழில் குருத்தணு என்று சொல் கண்டவரை வாழ்த்தத் தோன்றுகிறது. வாழையின் உட்குருத்துபோல, தானும் நிலைத்து இலையும் விடும் அணு. 1961இல் கனடாவின் டொரான்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லக்கும், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையைச் செலுத்தி, மண்ணீரலில் முளைத்த சிறு முடிச்சுகளை எண்ணி, ஒரே அணுவிலிருந்து பலவகை ரத்த அணுக்கள் பிறப்பதைக் காட்டினார்கள்.

மனிதரில் மஜ்ஜை மாற்று சிகிச்சையை உருவாக்கியவர் டொனால் தாமஸ். 1990இல் நோபல் பெற்றார். அவர் மனைவி டாரத்தி, எல்லாரும் டாட்டி என்று அழைத்தவர், இதழியல் படித்துக்கொண்டிருந்தவர். கணவரின் மருத்துவப் படிப்புக்காக அதை விட்டு, மருத்துவ ஆய்வக நுட்பம் கற்றார். நோயாளிகளின் ரத்தத்தை எடுத்தார், சோதித்தார், ஆய்வகத்தை நிர்வகித்தார், கணவரின் கட்டுரைகளைத் திருத்தினார். துறையில் இருந்தவர்கள் அவரை மஜ்ஜை மாற்று சிகிச்சையின் தாய் என்றே சொன்னார்கள். பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

தாய் என்று சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுகிறது. எங்கள் துறை நூலகத்தில் அடுக்கியிருக்கும் பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகளில் நன்றியுரைப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். படியெடுத்தும் மெய்ப்புப் பார்த்தும் உற்ற துணையாக நின்ற இல்லத்தரசிக்கு என்ற வகை வரிகள் நிறைய வரும். சில பக்கங்களில் அந்தப் பெண்ணின் பெயர்கூட இருக்காது. சியாட்டில் ஆய்வகமும் நம் தமிழ்த்துறையும் இந்த ஒரு விஷயத்தில் வெகு தொலைவில் இல்லை.

இதே துறையில் வேறொரு தம்பதியும் உண்டு. கானி ஈவ்ஸ் நோய் எதிர்ப்பியலில் முனைவர் பட்டம் பெற்று, டில், மெக்கல்லக் ஆகியோரிடம் பயின்றவர். 1981இல் கணவர் ஆலன் ஈவ்ஸுடன் வான்கூவரில் டெர்ரி ஃபாக்ஸ் ஆய்வகத்தை நிறுவினார். நாட்பட்ட ரத்தப் புற்று ஒன்றில் மஜ்ஜை முழுதும் புற்றணுவே நிறைந்துவிட்டதாகத் தெரியும். அவர்கள் குழு அந்த மஜ்ஜையைக் கண்ணாடிக் கலத்தில் வாரக்கணக்கில் வளர்த்தது. புற்றணுக்கள் மங்கின, ஒடுங்கிக் கிடந்த நல்ல மூல அணுக்கள் தலைதூக்கின. 1983இல் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் லார் கூலம்பெல் என்ற இன்னொரு பெண். நோய் நிறைந்த இடத்திலும் நலமான குருத்து மிஞ்சியிருக்கிறது என்ற அறிவு, அதைப் பிரித்து வளர்த்து நோயாளிக்கே திருப்பித் தரும் முயற்சிகளுக்கு வழிவிட்டது. பின்னாளில் ஒரே ஓர் அணுவிலிருந்து எலியில் முழுப் பால்சுரப்பியை வளர்க்க முடியும் என்றும் ஈவ்ஸ் குழு காட்டியது. 2024இல் அவர் இறந்தார். கணவரோடு சேர்ந்து வேலை செய்தும் அவர் பெயர் கணவரின் பெயருக்குள் கரையவில்லை. தனக்கென்று பட்டமும் ஆய்வுக் கேள்வியும் மாணவர்களும் இருந்தது முக்கியமான வேறுபாடு என்று நினைக்கிறேன்.

குருத்தணு இப்போது தன்னெதிர்ப்பு நோய்க்கும் வந்திருக்கிறது. கடுமையான ஸ்கிளீரோடெர்மாவில் நோயாளியின் குருத்தணுக்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, பழைய எதிர்ப்பமைப்பை அழித்து, பிறகு அவற்றைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். எதிர்ப்புச் சக்தி முதல் வகுப்பிலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்குகிறது. ஆபத்தான சிகிச்சை, ஆனால் தேர்ந்தெடுத்த நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள்.

இன்னொரு வழியும் ரத்தப் புற்றிலிருந்தே வந்தது. நோயாளியின் வெள்ளையணுக்களை வெளியே எடுத்து, இலக்கைக் காட்டித் திருத்தி உள்ளே அனுப்பும் கார்-டி சிகிச்சை, 2012இல் பிலடெல்ஃபியாவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை ரத்தப் புற்றிலிருந்து மீட்டது. 2021இல் ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் அதே முறையில் லூபஸ் முற்றிய இருபது வயதுப் பெண்ணுக்கு நோய் தணிந்ததை அறிவித்தார்கள். இந்தியாவில் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023இல் ரத்தப் புற்று வகைகளுக்காக அனுமதி கிடைத்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பஞ்சாலைப் பெண்களின் ரத்தம் சோதிக்கப்பட்ட அதே நகரம். அங்கே இன்று ஒரு மில் தொழிலாளியின் பேத்திக்கு லூபஸ் வந்தால் இவ்வகைச் சிகிச்சை எட்டும் விலையில் இருக்குமா என்று கேட்பதும் இந்த வரலாற்றின் பகுதி.

5. படையும் எதிரியும்

ஒரு கவிஞராக இத்துறையின் சொற்கள் என்னை உறுத்துகின்றன. படை, எதிரி, தாக்குதல், துரோகம். எமிலி மார்ட்டின் என்ற மானுடவியலாளர் 1994இல் வெளியிட்ட நூலில் நோய் எதிர்ப்பைப் பற்றிய அமெரிக்கர்களின் பேச்சு எப்படிப் போர் மொழியாலும் முதலாளித்துவ மொழியாலும் நிரம்பியிருக்கிறது என்று ஆராய்ந்தார். அந்தப் பேச்சு தமிழிலும் அப்படியே இறங்கிவிட்டது. உன் உடம்பே உனக்கு எதிரி என்று இருபது வயதுப் பெண்ணிடம் சொல்வது அறிவியலை எளிமையாக்குவதாகாது. வயதுக்கு வந்த நாளிலிருந்து உடம்பைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டவளுக்கு அது பழகிய வசவு. ஆய்வாளர்கள் கண்டதோ வேறு. ஒரே குருத்திலிருந்து பிறந்த அணுக்கள், கற்றுக்கொள்ளும்போது சில பாடங்களைத் தவறாகக் கற்கின்றன. திருத்திச் சொல்லித்தர முடியும். அடங்காப் பிள்ளை என்று சொல்லலாம், துரோகி என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இப்பெயர்களுக்குப் பின்னால் நிற்கும் கட்டடங்கள். வில்ஸும் டோனியக்கும் பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றின் மாணவிகள். எலியன் கட்டணமில்லாப் பெண்கள் கல்லூரியின் மாணவி. கோஷா ஆஸ்பத்திரியைக் கட்டக் காரணமான ஷார்லீப், சென்னைக்குப் பிறகு லண்டனின் அதே கல்லூரியில் படித்துப் பின்னர் அங்கேயே கற்பித்தவர். மற்ற கதவுகள் மூடியிருந்த காலத்தில் இக்கட்டடங்கள் திறந்திருந்தன. நம் அரசு மகளிர் கல்லூரிகளைப் பெண்ணைப் பத்திரமாகப் படிக்க வைக்கும் இடம் என்று மட்டும் பார்க்கிறோம். அவற்றின் ஆய்வகங்களில் நுண்ணோக்கிகள் வேலை செய்கின்றனவா, முதுகலையோடு நிற்காமல் ஆய்வுக்கு வழி இருக்கிறதா, விடுதி இரவு எட்டு மணிக்குப் பூட்டப்பட்டால் வளர்கலத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்பதில்லை. அணுக்கள் விடுதி நேரத்துக்குப் பெருகுவதில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு இரண்டு வேண்டுகோள்கள். எந்தத் துறையில் இருந்தாலும், ஒரு கண்டுபிடிப்பைப் படிக்கும்போது நன்றியுரையையும், எவரிடம் சோதித்தார்கள் என்ற பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். முன்னதில் கைகளும் பின்னதில் உடல்களும் இருக்கின்றன. அடுத்தது, காலையில் விரல் மடங்கவில்லை என்றால், வெயில் பட்டதும் முகம் சிவந்து தடித்தால், வாரக்கணக்கில் களைப்பு தீரவில்லை என்றால், உங்களை நம்பும் மருத்துவர் கிடைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருங்கள். டோனியக் செய்தது அதுதான்: நோயாளியின் உடல் காட்டிய எண்ணை நம்பினார். என் மாணவி இப்போது ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். வியாழக்கிழமைதோறும் மாத்திரை விழுங்குகிறாள், எழுதுகிறாள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவள் பெயர் இருக்கும்.